அடித்த பெயருக்கு வந்த பதில்

என் பெயர் தேவதாஸ். த/பெ அந்தோணிசாமி. வயது 71. ஓய்வு பெற்ற ஆசிரியர். பொன்னேரி வட்டம் காட்டூரில் வசித்து வருகிறேன்.

ஏரிக்கரை வடகுப்பம், தென்குப்பம் இரு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தவன் நான். அதனால், யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்கிற பாடுப் பட்டியலை மாதம் ஒருமுறை படிக்க என்னை வைத்திருக்கிறார்கள். பெயரைப் படித்ததும் அவரவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் 12ஆம் தேதி வடகுப்பம் அஜித்குமார் முகத்துவாரத்தில் மூழ்கி இறந்தார். உடன் சென்ற அதே ஊர் பிரதாப், தென்குப்பம் அங்கமுத்து தள்ளிவிட்டதாகச் சொன்னதன் பேரில் அங்கமுத்து கைதானார். அதன் பிறகு தென்குப்பத்து வலைகள் எரிக்கப்பட்டன. இரு ஊரும் தொழிலுக்குப் போகவில்லை.

அதன் பிறகு, அஜித்குமாரின் தாயார் இருசம்மாள் கேட்டுக்கொண்டபடி, இம்மாதம் 20ஆம் தேதி காலை பத்து மணிக்கு இரு ஊராரும் புயல் பாதுகாப்பு மையத்தில் பேசக் கூடினார்கள். முதலில் பட்டியலைப் படிக்கச் சொன்னார்கள். ஆறாவதாக "அஜித்குமார்" என்று படித்துவிட்டேன்.

தென்குப்பம் மனோஜ், "இன்னா வாத்தியாரே, செத்தவனுக்கும் அட்டெண்டன்ஸா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தது. இறந்தவரின் குரல் என்றே நினைத்தேன். தாள் கையிலிருந்து நழுவியது. எழுந்து நின்றவர் பிரதாப்.

"என் புள்ள பேருக்கு நீ ஏன்டா குரல் குடுக்குற?" என்று இருசம்மாள் கேட்டார்.

"நான்தான் தள்ளிட்டேன் அத்தே. வாய்ச்சண்ட. அங்கமுத்து அண்ணன் அங்க இல்லவே இல்ல."

"முங்கறப்ப கூப்டானா?"

"கூப்டான்."

"யார?"

"என்னத்தான். மச்சான், மச்சான்னு. நான் நின்னுக்கினே இருந்தேன்."

இருசம்மாள் கீழே கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, "நீயே ஸ்டேஷனுக்குப் போயி சொல்லு. அங்கமுத்து வூட்டுக்கு வரட்டும். நீ எப்ப திரும்பி வந்தாலும் என் புள்ள முறைக்கு நீதான் போவணும்" என்றார். அதன் பிறகு, எரித்த வலைகளைத் தாங்களே பின்னித் தருவதாக வடகுப்பத்தார் ஒப்புக்கொண்டார்கள்.

பிரதாப் இன்று தானாகவே என்னுடன் பேருந்தில் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தார். அவரை யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை.

பழக்கத்தில் படித்துவிட்டதாகக் கூட்டத்தில் சொன்னேன். வீட்டுக்குப் போய்த் தாளைப் பார்த்தேன். முதல் நாளே அந்தப் பெயரை நானே சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அடித்த பெயரை ஏன் படித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு இரண்டு முறை தனியாகப் படித்துப் பார்த்தேன். ஐந்தாவது பெயருக்கு மேல் வாய் வரவில்லை. பதில் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அந்தத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். பழக்கத்தில் படித்தேன் என்று அன்று நான் சொன்னதற்கு மட்டும் என்னால் உறுதி கூற இயலாது. மற்றவை அனைத்தும் நான் கண்டும் கேட்டும் அறிந்த உண்மை.

(ஒப்பம்)
அ. தேவதாஸ்
23.9.2024