வானவர்கள் செய்த பாதி வேலை

— எனக்கு வேண்டாம் சிஸ்டர். மச்சானுக்குச் சொல்லிக் கொடுங்க. கையுறையை அவர் கையில குடுங்க.

— எங்கிட்டயா? நவ்வாரா, என் பேரன் சுன்னத்து விருந்துக்கு உன்னைக் கூப்பிட வந்தேன்ம்மா. மூத்திரப் பை பிடிக்க வரல.

— விருந்துக்கு நான் வரணும்னா இதைப் பிடிங்க. உங்க தம்பி பாலைவனத்துல எண்ணெய்க் கிணத்தடியில கிடக்கார், பெருநாளைக்குத்தான் வருவார். போன ரமலான்ல நான் எங்கம்மா மவுத்தாகி அடக்கத்துக்குப் போயிருந்தப்ப, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் பிள்ளை நதீரைச் சுன்னத்துக்குப் பார்பர் முன்னாடி உக்கார வெச்சீங்களே, அப்ப தகப்பன் ஸ்தானத்துலதானே நின்னீங்க? இப்பவும் நில்லுங்க.

— மெதுவாப் பேசுங்க, நதீர் இப்பத்தான் தூங்கினான். ஹாஜியார், வீட்ல ரெண்டு பேருக்காவது இது தெரிஞ்சிருக்கணும். முதல்ல சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க, சரியா?

— தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டுத்தான் சிஸ்டர் வந்திருக்கேன்.

— தொழுகைக்கு அது போதும். மூத்திரக் குழாய்க்குச் சோப்பு வேணும்.

— அல்லாஹ்வே... சரி, கழுவிட்டேன். சொல்லுங்க.

— இந்தக் குழாய் உள்ள வரைக்கும் போகுது. தொடையில பிளாஸ்திரி ஒட்டியிருக்கு பாருங்க, அது விடக்கூடாது. இழுபட்டா ஆபரேஷன் தையல் பிரிஞ்சிடும். பை எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும், தரையில படவும் கூடாது. குழாய் மடங்கியிருக்கான்னு அப்பப்பப் பாத்துக்கங்க, சரியா?

— சரி, சரி. இதை எப்படிக் காலி பண்றது?

— குனியுங்க மச்சான். இன்னும் குனியுங்க. மக்கா வரைக்கும் போய்க் குனிஞ்ச முதுகு, இங்க குனிய மாட்டேங்குதா?

— ஜாடியைக் கீழ வெச்சு, அந்தச் சின்ன மூடியைத் திறங்க. நுனி ஜாடியில இடிக்கக் கூடாது. மெதுவா... ஹாஜியார், மெதுவா!

— ஐயோ, ஜுப்பா! வெள்ளை ஜுப்பா! இந்தா பாரு, இதோட எப்படிம்மா பள்ளிவாசலுக்குப் போவேன்? நோன்பு திறக்க வேற நேரமாச்சு.

— வீட்டுக்குப் போய் மாத்துங்க. பிள்ளைக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து என் உடம்புல இந்த வாடைதான். இத்தனை நாள்ல இன்னைக்குத்தானே ஆஸ்பத்திரிப் படி ஏறினீங்க?

— நேத்து மகளை அனுப்பினேனே, நீ வரமாட்டேன்னுட்டே. நீ இல்லாம விருந்து வெச்சா ஊரு என்ன சொல்லும்? நாளைக்கு ரமலான் இருபத்தேழாம் ராத்திரி. கிடா வாங்கியாச்சு, குஸ்குஸ் ரவை உருட்டப் பொம்பளைங்க உக்காந்தாச்சு. பார்பர்கூட போன வருஷத்து ஆள் இல்ல. அவன் கை பிசகிடுச்சு, ஒத்துக்கறேன். இவர் பழகின கை.

— ஹாஜியார், பிசகினது கை இல்ல...

— சிஸ்டர், மூடியைச் சரியா மூடியிருக்காரான்னு பாருங்க.

— மூடியாச்சும்மா. பயப்படாதே நவ்வாரா, என் பேரனுக்கு அதிகம் வெட்ட வேண்டியதே இல்ல. நம்ம நதீர் மாதிரியேதான், பாதி வேலையை வானவர்களே முடிச்சு அனுப்பியிருக்காங்க. பரம்பரை பரக்கத், அல்லாஹ்வோட அருள்! மிச்சத்தை எடுத்துட்டா முடிஞ்சது.

— என்ன சொன்னீங்க?

— அவருக்கு நேரமாச்சு சிஸ்டர். கிளம்புங்க மச்சான். நாளைக்குக் கட்டாயம் வர்றேன். முன் வரிசையில உக்காந்து பாக்கறேன்.

— இதுக்குத்தான் நான் ஏங்கினேன்! அல்லாஹ் உன் மனசைக் குளிர வைக்கட்டும். வர்றேன்ம்மா.

— என் கையை விடு நவ்வாரா. அவர் சொன்னது உன் காதுல விழுந்துச்சா இல்லையா?

— நல்லாவே விழுந்துச்சு.

— வானவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நதீருக்கு இருந்த அதே குறை. மூத்திர வழி நுனியில இல்லாம கீழ திறந்திருக்கு, அதோட சேந்துதான் தோலும் பாதியா இருக்கு. அந்தத் தோலை வெச்சுத்தான் டாக்டர் வழியைச் சரிபண்ணணும். அதை வெட்டிட்டா...

— வெட்டிட்டா அதுக்குப் பதிலாக் கன்னத்துக்குள்ளேர்ந்து சதையை எடுப்பாங்க. என் பிள்ளை வாயைத் திறக்க முடியாம அழுதான், கஞ்சிகூட இறங்கல. எனக்கே பாடமா சிஸ்டர்?

— தெரிஞ்சேவா அனுப்பினே?

— நேத்தே தெரியும். அவர் மக வந்தப்ப அந்தப் பொடியனுக்கு நான்தான் டயப்பர் மாத்தினேன். பாத்தேன், வாயைத் திறக்கல. அப்பறம் இந்தப் பைகிட்ட உக்காந்து, அந்த வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு தொங்கட்டும்னு நினைச்சேன். வயிறு குளுந்துச்சு சிஸ்டர். ஒரு வருஷமா இப்படிக் குளுந்ததே இல்ல.

— அந்தப் பிள்ளை உனக்கு என்ன பண்ணுச்சு?

— என் பிள்ளை அவருக்கு என்ன பண்ணான்?

— ஹாஜியாருக்கு ஒரு ஜுப்பாதான் போகும். வாய் புண்ணாகிக் கத்தப்போறது அந்தப் பொடியன். நீ போறியா, நான் போகட்டுமா?

— நீங்க சொன்னா நம்ப மாட்டார். நகருங்க... மச்சான்! லார்பி மச்சான்! நில்லுங்க, திரும்பி வாங்க! பார்பரை வரவேண்டாம்னு சொல்லுங்க. அது பரக்கத் இல்ல, என் பிள்ளைக்கு இருந்த அதே குறை. வந்து இங்க உக்காருங்க, போன வருஷம் நீங்க எதை வெட்ட வெச்சீங்கன்னு இன்னைக்கு முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!