நூர் நாச்சியாவின் படகு

அலோ... அலோ... நர்மதாவா? ... காக்களூர் எஸ்டேட்டுல டிசைன் செக்‌ஷன்ல கீற நர்மதாதான? ... ஆங். நான் ஜபீன் பேசறேன். ... ஜபீன். ஆஷிக்கோட ஒய்ஃப். ... ஆமா. ... ஆமாமா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்களயெல்லாம் டேபிள சுத்தி ஒக்கார வச்சி ஆட்டம் நடத்துறாரே, அவருதான். ... இல்ல இல்ல, அவருக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி கீறாரு. உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பதட்டம்?

... நம்பரா? நம்ம ஆட்டக்காரங்க குரூப்புலதான் கீதே. ... நானும் அந்த குரூப்புலதாம்மா கீறேன். நானூறு பேர்ல ஒருத்தி. நீ வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே சேந்தவ. வாயத் தொறக்க மாட்டேன், அவ்ளோதான். ... அக்காவா? அக்கால்லாம் வேணாம். ஜபீன்னே கூப்புடு. எனக்கு இருவத்தொம்போதுதான்.

கேளு, எனக்கு டைம் இல்ல. கும்முடிபூண்டில எங்க பிளாண்ட்டு கேட்டாண்ட நின்னுகினு பேசிகினு கீறேன். சாப்பாட்டு பிரேக்கு அர மணி நேரம். உள்ள போனு எத்துனு போவக் கூடாது, லாக்கர்ல வச்சிட்டுதான் போவணும். சோத்த உட்டுட்டு உனக்கு போன் போட்டுகீறேன், அப்ப பாத்துக்க.

காலையில அந்த படம் வந்துச்சில்ல... ஆமா, பெருவழி ஆட்டத்துக்கு அடுத்து வரப்போற ஆறாவது கதை புக்கு. அட்டையில ஒரு மூலைய மட்டும் காட்டி வச்சிகீறானுங்க. நீலமா. ... ஆமா ஆமா. குரூப்பே பத்திகினு எரியுது, பாத்தேன். ஒருத்தன் நீலமலைன்றான், ஒருத்தன் பேய் பிசாசுன்றான், ஒருத்தன் துணிக்கி போடற சாயம்ன்றான். நீ மட்டும் கடல்னு போட்ட. எட்டு நாப்பதுக்கு. ... ஆமா, டைம் பாத்தேன். பாப்பேன். நூத்திப்பத்து லைக்கு. அவரு ஹார்ட்டு போட்டாரு. ... ஆமாம்மா, எல்லாரும்தான் போட்டாங்க. நான் எல்லாரயுமா கட்டிகினேன்? அவர ஒருத்தரத்தான கட்டிகினேன்?

... இல்ல, நான் கோவமால்லாம் பேசல. என் கொரலே அப்டித்தான்.

சரி, கீழ ஒரு போட்டோ போட்டியே, ‘எங்க கேப்டனுக்கு நேரம் வந்துருச்சி’ன்னு. இன்னா போட்டோ அது? ... ஷீட்டு. ஆட்டத்துல எடுத்த வேஷத்த எழுதி வெக்கற ஷீட்டுதான? யார் ஷீட்டு? ... உன்னுதா? நல்லா பாத்து சொல்லு. ... கையெழுத்து யார்து? ... அந்த ஓரத்துல டீ கொட்டி கீதே, யாரு கொட்டுனது தெரியுமா? ... நான்தான். அவரு எம் பக்கம் திரும்பி சிரிச்சாரு, கை தவறிச்சி. அந்த கறையோட அத போட்டோ புடிச்சி ‘எங்க கேப்டன்’ன்ற. எங்கன்னா யாரு? நீயும் அவருமா?

... நிறுத்து. நான் பேசிக்கறேன். அந்த கேப்டன் நூர் நாச்சியா, ஆட்டத்துல என் ஆளு. பேரு வச்சது நான், மூக்குத்தி போட்டது நான். மொத்தம் அஞ்சி புக்கு வந்துச்சி. காடு, மலை, பாலை, சந்தை, கோட்டை... எல்லாம் தரை. ஒரு சொட்டு கடலு கெடையாது. அதுல நான் ஒருத்தி மட்டும் கப்பல்காரி எடுத்தேன். பழவேற்காட்டு பொண்ணு வேற இன்னாத்த எடுக்கும்? டேபிள்ல அத்தினி பேரும் சிரிச்சானுங்க. மூணு வருஷமா அவளோட படக, அந்த போட்ட, மாட்டு வண்டியில கட்டி காடு மேடெல்லாம் இஸ்துகினு வந்தேன் தெரியுமா? மல ஏறக்கொள்ள வண்டி அச்சி ஒடஞ்சி ஒரு ஞாயிறு ஃபுல்லா ஆட்டமே நின்னு போச்சி. நம்ம டேபிள்ல ஆடற அந்தோணி அண்ணன் ‘அத்த தூக்கி போட்டுட்டு வாம்மா’ன்னாரு. போடல. ஒரு நாள் கடல் புக்கு வரும்னேன். இப்ப வரப்போவுது. ஏறி ஒக்கார்றது நீயா?

... ஷீட்ட உங்கிட்ட யாரு குடுத்தாங்க? ... அவரா. ... இன்னான்னு சொல்லி குடுத்தாரு? ... மெதுவா சொல்லு. ... ‘அவ இனிமே ஆட மாட்டா.’ ... அவரு வாயாலயேவா? ... இன்டரஸ்ட் போயிடுச்சின்னாரா? எனக்கா?

... இரு, வெயில்ல நிக்க முடியல, நெழலுக்கு வரேன்.

மூணு மாசமா எனக்கு ஞாயித்துக்கெழம ஓ.டி.ம்மா. வெளிநாட்டு ஆர்டரு. நான் இன்னா ஜாலியா ஊட்ல தூங்கிகினா கீறேன்? ஒவ்வொரு ஞாயிறும் அவரு ஆரணில நாங்க கீற ஊட்லேர்ந்து பைக்க எத்துகினு காக்களூரு கெளம்புவாரு, நான் இந்தாண்ட கம்பெனி பஸ்ஸுக்கு நிப்பேன். ஷீட்டு எங்கன்னு கேட்டேன். ‘பீரோல கீது, எவனும் தொட மாட்டான்’னாரு. எங்கிட்ட பீரோன்னாரு, உங்கிட்ட இன்டரஸ்ட் இல்லன்னாரு. எவ்ளோ அழகா பேசறாரு பாரு!

... உன் மேல தப்பில்லன்னு எனக்கும் தெரியுது. தெரிஞ்சா மட்டும்? வயிறு எரியுதே. ஆமா, பொறாமைதான். வாய் விட்டே சொல்றேன். முன்னாடில்லாம் இந்த மாதிரி ஒரு படம் வந்தா பல்லு கூட வெளக்க மாட்டோம், ரெண்டு பேரும் போன பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துகினு கீப்போம். இது வரும், அது வராதுன்னு சண்ட போடுவோம். பாலு பொங்கி அடுப்பே அணைஞ்சிடும். இன்னிக்கி நாஷ்டா துன்னுகினே போனப் பாத்து சிரிச்சாரு. இன்னான்னேன். ஒண்ணுமில்லன்னாரு. அந்த ஒண்ணுமில்ல இன்னான்னு பஸ்ஸுல ஏறி குரூப்ப தொறந்தப்பறம்தான் தெரிஞ்சிது.

... சரி உடு. நீ எத வச்சி கடல்னு சொன்ன? ... நீலமா கீதுன்னா? அவ்ளோதானா? அடியே, பிளாஸ்டிக் கொடம் கூடத்தான் நீலமா கீது! இதுக்கா நூத்திப்பத்து லைக்கு?

படத்த தொற. ... தொறந்தியா? ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு ஒரு கட்டம் கீது பாரு. பதினஞ்சி வரிசை. ... ஆங், அதான். அத்தினி பேரும் அது அடிபட்டா எவ்ளோ உசுரு போவும்ன்ற கணக்குன்றானுங்க. மடையனுங்க. பெருசு பண்ணி நம்பர பாரு. மேல பெருசு. எறங்கி எறங்கி எட்டாவது வரிசையில சின்னது. திரும்ப ஏறுது. கடைசில பெருசு. ... இன்னும் தெரியல? அமாவாசைலேர்ந்து பௌர்ணமி வரைக்கும்மா! தண்ணி ஏறி எறங்குற கணக்கு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் எகிறி நிக்கும், நடுவுல எட்டாம் நாளு சோம்பி கெடக்கும். எங்க வாப்பா எறா யாவாரம். இத பாக்காம ஒரு நாளும் கரைக்கி போவ மாட்டாரு. நான் படத்த பாத்த ஒடனே புரிஞ்சிகினேன். பஸ்ஸுல.

... ஏன் போடலன்னா? அவராண்ட மொதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். ... ஏய், நீ இத குரூப்புல போட்ட, அவ்ளோதான்! ... சத்தியமா? ... டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குது, இன்னா டைப் பண்ற? ... பெருசு பண்றியா? சரி.

... துடுப்பா? எங்க? ... அந்த கருப்பு கோடா? நெழலுன்னு நெனச்சேன். ... அட, ஆமா! ரெண்டு கீது. ... அட நீ நல்லா பாக்கிறியே! ... ஆமா, ஆமா, அப்ப பெரிய கப்பல் இல்ல, சின்ன போட்டுங்க. அப்டின்னா மொத ஆட்டமே கழிமொகத்துலதான் ஆரம்பிப்பானுங்க. போட்டு இல்லாதவனெல்லாம் கரையில நின்னு கெஞ்சணும். ஐயோ, நம்ம டேபிள்ல போட்டு வச்சிகீறது நூர் நாச்சியா ஒருத்திதான்! சிரிச்சானுங்களே, அத்தினி பேரும் அவ கால்ல உழணும்...

... சாரியா? எதுக்கு சாரி? ... இன்னா பண்ண? ... திரும்ப சொல்லு.

... வித்துட்டியா.

... போட்ட வித்துட்டு இன்னாத்த வாங்குன? ... குதிரயா! போட்ட வித்துட்டு குதிர வாங்குனியா! யா அல்லா... இரு. இல்லண்ணே, ஒண்ணுமில்ல கலியண்ணே. ஊட்டு போட்டு இல்ல. நெஜ போட்டே இல்லண்ணே. டேபிள சுத்தி ஒக்காந்து ஆடுற ஆட்டம், ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துகினு வாயாலயே கதைய ஓட்டுவோம். நடுவுல டைஸ் உருட்டுவோம். அதுல... நீங்க கேட்ட தொறங்கண்ணே, லாரி வருது. ... இல்லம்மா, செக்யூரிட்டி அண்ணன். எதோ கொல நடந்துச்சின்னு ஓடி வந்துட்டாரு. அவரு நெனச்சதுல தப்பில்ல.

எப்ப வித்த? ... ரெண்டு வாரமாச்சா. யாராண்ட? ... ஆட்டத்துல வர்ற அந்த உப்பு செட்டியாராண்டயா? வித்துட்டு ‘நேரம் வந்துருச்சி’ன்னு போஸ்ட்டு வேறயா? ... திரும்ப வாங்கிக்கலாம்னு நெனச்சியா? எப்ப வாங்குவ? வர்ற ஞாயிறு வண்டி அந்த ஊர உட்டு கெளம்புது இல்ல? செட்டியாரு அங்கயே நின்னுடுவாரு. அதோட போட்டு போனது போனதுதான். ... நீ விக்கறன்னு சொன்னப்ப அவரு இன்னா சொன்னாரு? ... ‘நல்ல ஐடியா’ன்னாரா? ... ம். அந்த போட்டுக்கு பேரு ரஹ்மத். எங்க வாப்பாவோட போட்டு பேரு. உனக்கு தெரியாது, உன்ன நான் சொல்லல. அவருக்கு தெரியும்.

... இரு, கால் வருது. அவருதான். சாப்டியான்னு கேக்க கூப்புடுவாரு. ... கட் பண்ணிட்டேன். வேணாம் இப்ப.

... சரி. அழாத. நான்தான அழணும், நீ இன்னாத்துக்கு அழுவற? கேளு. இந்த ஞாயிறும் எனக்கு ஓ.டி. நீதான் போய் மீட்டு குடுக்கணும். ... ஆமா, நானேதான் சொல்றேன். நூர் நாச்சியாவா இன்னும் ஒரு தபா நீ ஆடு. சொல்லக்கொள்ள வாயெல்லாம் கசக்குது.

... இல்ல, கெஞ்சக் கூடாது. அவ கெஞ்ச மாட்டா. கடையில போய் ஒக்காராத, நின்னுகினே பேசு. ‘செட்டியாரே, உங் குதிரய புடி’ன்னு சொல்லு. ‘எம் பொருள எங் கையிலேர்ந்து வாங்குனியா? வேற ஒருத்தி நீட்டுனா வாங்கிடுவியா? வாங்கறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டியா? நான் இன்னா செத்தா பூட்டேன்? வேலைக்கிதான போனேன்? மூணு மாசம் எடம் காலியா கீதேன்னு பாத்தா, காலியாவா வச்சிருந்த? நான் வருவேன்னு ஒரு நாளாச்சும் வாசப்பக்கம் பாத்தியா?’ ...

... ம். ... ஒண்ணுமில்ல. தூசி. லாரி போச்சி.

... செட்டியாருக்குத்தான் சொன்னேன். ... ஆமா, செட்டியாருக்குத்தான்.

... இன்னா கேட்ட? ... செட்டியாரா யாரு பேசுவாங்களா? அவருதான். ஆட்டத்த நடத்துறவருதான ஊர்ல கீற அத்தினி பேராவும் பேசணும்...

... அட. ஆமால்ல. செட்டியாருக்கு சொன்னா கேக்கறது அவருதான.

... இரு. நீ பேச வேணாம். ... இல்லம்மா, உன்னால முடியாது. இத நீ சொன்னா நல்லாருக்காது. நானே வரேன். ... ஓ.டி. போனா போவுது. சூப்பர்வைசரு ஜானகியம்மாளாண்ட போய் இப்பவே சொல்லிடறேன். கத்தும். கத்தட்டும். மூணு மாசத்துல ஒரு ஞாயிறு நான் கேட்டதே இல்ல. ... அவரு கூட பைக்குல இல்ல, நானே பஸ்ஸு மாத்தி வரேன். மூச்சு உடாத அவராண்ட. ... நெஜமா? ... ம், நம்பறேன்.

... நீ ஏன் வர மாட்ட? வா. நீ வர்லன்னா அந்த துடுப்ப யாரு எனக்கு காட்டுவாங்க? உனக்கு வேற ஒரு ஆள எழுதி தரேன். குதிரய நீயே வச்சிக்க, எனக்கு வேணாம்.

ஐயோ, சங்கு ஊதிட்டான். ... வரேண்ணே, வரேண்ணே, ஒரு நிமிஷம்! ... நர்மதா, இன்னொன்னு. இந்த மூணு மாசமா டேபிள்ல அவரு பக்கத்து சேர்ல யாரு ஒக்கார்றது? ... ம். நீதான்னு நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம எதிர்ல ஒக்காரு. அது என் சேரு. வெக்கறேன்.