எழுபத்துநாலு தெரியலையா மச்சான்?

என் வீட்டுக்காரருக்கு அரக்கு நிறச் சட்டை அவ்வளவு எடுப்பாக இருக்கும், டாக்டர். நான் எடுத்துக்கொடுப்பதைத்தான் போடுவார். நிறம் விஷயத்தில் தன் கண்ணை நம்பமாட்டார்.

அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, எல்லா நிறமும் சுத்தமாகத் தெரிகிறது, யார் இப்படிச் சொல்லிவைத்தது என்று கேட்கிறீர்கள். நான்தான். கதவை மட்டும் கொஞ்சம் சாத்திவிடுங்கள். வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்.

விக்னேஷ்குமார் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலேயே எனக்கென்று பேசிவைத்த மாப்பிள்ளை. அவருக்கோ விமானப்படையில் பைலட் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத் தேர்வுக்கு மைசூருக்கு வரச் சொல்லியும் விட்டார்கள். உயரம், கால் நீளம், தூரப் பார்வை எல்லாவற்றையும் வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டார். நிறப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

"நீ பிரஸ்ஸுலதான இருக்க புள்ள, அந்தப் புள்ளிப் படமெல்லாம் நல்ல கலர்ல அடிச்சுட்டு வா. பழகிப் பாக்கேன்" என்றார்.

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் கம்பெனியில் நான் டிசைனர். சீசன் நேரம், தலைக்கு மேல் வேலை. ஆனாலும் ஒரு மதியம் உட்கார்ந்து செய்தேன். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்கள், உங்களுக்குத் தெரியாததா? முதல் படத்தில் இருக்கும் பன்னிரண்டு, நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரியுமாம். அதை அப்படியே விட்டுவிட்டேன். மற்றதிலெல்லாம் எண்ணை எடுத்துவிட்டு வெறும் புள்ளிகளை நிரப்பினேன். வேலை சுத்தமாக வந்திருந்தது.

முதல் தாளைப் பார்த்ததும் "பன்னெண்டு" என்றார். அடுத்ததில் விழித்தார்.

"எழுபத்துநாலு தெரியலையா மச்சான்?"

அத்தையிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். ஒரே மகன் வானத்தில் பறப்பதில் அவருக்கும் இஷ்டமில்லை. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாத அத்தை, அடுப்படியிலிருந்து வெறும் கண்ணோடு வந்து, "ஏலே, எழுபத்துநாலு பளிச்சுன்னு இருக்கே" என்றார். மச்சான் அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

"எனக்குச் சிவப்பு, பச்சை எல்லாம் தெரியுதே புள்ள."

"நீங்க பாக்குற சிவப்பும் நாங்க பாக்குற சிவப்பும் ஒண்ணுன்னு யாரு சொன்னா?"

டாக்டரைப் பார்ப்போம் என்றார். விஷயம் வெளியே போனால் ஊரே சிரிக்கும் என்றேன். மைசூருக்கு அவர் போகவில்லை.

நான் ஈரமில்லாதவள் இல்லை, டாக்டர். அவர் கண்ணுக்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு என் சம்பளத்தில் வெள்ளிக் கண்மலர் வாங்கிக் காணிக்கை போட்டேன். அம்மனுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும். கல்யாணத்துக்கும் அவசரப்படவில்லை. விமானப்படைக்கான வயது வரம்பை அவர் தாண்டட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன்.

இப்போது ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிவிடுகிற வேலை. விருதுநகர் சிக்னலில் "பச்சையா புள்ள?" என்று என்னைக் கேட்டுத்தான் வண்டியை நகர்த்துவார். மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்பார். போன தீபாவளிக்கு, சும்மா விளையாட்டுக்கு, பச்சையாகப் பூத்த வாணத்தைச் சிவப்பு என்றேன். "ஆமா, நல்ல சிவப்பு" என்று தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

கண் எரிச்சல் என்று வந்தவருக்கு நீங்கள் நிறமும் பார்ப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை காலம் பர்ஸில் மடித்து வைத்திருந்த தாளை அவரே எடுத்து உங்களிடம் காட்டினாராம். அதில் எண்ணே இல்லை என்கிறீர்கள். எனக்குத் தெரியாதா, எடுத்தவளே நான்தானே? ஆனால் அவர் நம்ப வேண்டும் என்று அதை எத்தனையோ முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். இதோ, உங்கள் கையில் இருக்கும்போதும் எனக்கு எழுபத்துநாலு பளிச்சென்று தெரிகிறது. அப்படியென்றால் நான் அவரிடம் சொன்னது பொய் இல்லைதானே, டாக்டர்?