அப்பாவின் கட்டம்

— அந்தப் பக்கம் ஏறாத, படிக்கட்டைக் கழுவி விட்டிருக்கான், வழுக்கும். முன்னாடி வா. இந்த நேரத்துல காலேஜ்ல இல்லாம பஸ் ஸ்டாண்டுல என்ன வேலை உனக்கு?

— உங்களைப் பாக்கத்தான் வந்தேன்ப்பா.

— காலையில வீட்டுலதான பாத்த... அதுக்குள்ள ஏக்கமா?

— வீட்டுல அம்மா இருக்காங்கல்ல.

— ஓ... அம்மாவுக்குத் தெரியாத சமாச்சாரமா? உக்காரு. வண்டி எடுக்கப் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. சொல்லுங்க டாக்டரம்மா.

— டாக்டர் இல்லப்பா. ஹ்யூமன் பயாலஜி. மூணு வருஷமா சொல்றேன்.

— ரெண்டும் ஒடம்பைப் பத்தித்தான? அவங்க வெட்டிப் பாப்பாங்க, நீ வரைஞ்சு பாப்ப. தெரியும், தெரியும்...

— அந்த வரையறதுலதான் மாட்டிக்கிட்டேன்.

— என்ன ஆச்சு?

— பிராக்டிகல் தேர்வு. மைக்ராஸ்கோப்புல கிட்னியை வெச்சுக் குடுத்தாங்க. மெல்லிசா சீவி, சாயம் ஏத்தின கிட்னி. செல்லு ரோஸா இருக்கும், அதுக்குள்ள நியூக்ளியஸ் ஊதாவா இருக்கும். பாத்து அப்படியே கலர் பென்சில்ல வரையணும்.

— நீதான் நல்லா வரைவியே.

— நியூக்ளியஸை ரோஸாவும் மத்ததை ஊதாவாவும் வரைஞ்சு வெச்சுட்டேன். அம்பது நியூக்ளியஸ் இருக்கும்ப்பா, ஒண்ணு விடாம ரோஸு! மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எந்தக் கிரகத்துக் கிட்னிம்மா?"ன்னாங்க.

— ஹ ஹ... கிரகத்துக் கிட்னி! சரி விடு, அவசரத்துல பென்சில் மாறிப் போச்சு. இதுக்கா மூஞ்சியை இப்படித் தூக்கி...

— அவசரம் இல்ல. பென்சில் அடியில பிளேடால வெட்டு போட்டு வெச்சிருந்தேன். ஒரு வெட்டுன்னா ரோஸு, ரெண்டு வெட்டுன்னா ஊதா. பக்கத்து மேஜைக்காரி நல்லது பண்றதா நெனச்சு ரெண்டு முனையையும் சீவிக் குடுத்துட்டா. வெட்டு போயிருச்சு.

— சரி, சரி... டீ குடிக்கறியா?

— ஏன் வெட்டு போட்டேன்னு கேக்க மாட்டீங்களா?

— இந்தக் கண்ணாடியை எவனோ திருப்பி வெச்சிருக்கான் பாரு. தெனமும் இதே ரோதனை...

— அப்பா.

— சொல்லு, கேட்டுட்டுத்தான இருக்கேன்.

— எனக்கு அந்த ரெண்டு கலரும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. செவப்பும் பச்சையும்கூட அப்படித்தான். மொதல் வருஷத்துலேர்ந்து வடிவத்தை வெச்சு, வெட்டை வெச்சு, யாருக்கும் தெரியாம ஓட்டிட்டு இருந்தேன். கிட்னியைப் பாத்ததும் மேடம் தனியாக் கூப்பிட்டு, நிறக்குருடு இருக்கான்னு பாக்கற இந்தப் புத்தகத்தைக் காட்டினாங்க. பக்கம் பூராவும் கலர் புள்ளி, நடுவுல நம்பர் ஒளிஞ்சிருக்கும். மொதல் பக்கம் மட்டுந்தான் படிக்க முடிஞ்சுது.

— எந்தப் புத்தகம்? ஏய்... இதை எதுக்கு இங்க எடுத்துட்டு வந்த? உள்ள வை, உள்ள வை. கண்டக்டர் வரான்.

— அண்ணே, இன்னும் ஏழு நிமிஷம்! அட, டாக்டரம்மாவா? நல்ல சமயத்துல வந்தம்மா. எனக்கு இந்த முட்டி இருக்கே...

— நான் டாக்டர் இல்ல சித்தப்பா.

— முட்டி தானா சரியாப் போகும். நீ போய் டீயைக் குடிய்யா. ஆளுங்களை அப்புறம் ஏத்திக்கலாம்.

— சரிண்ணே, சரிண்ணே... வெரட்டாதீங்க.

— போயிட்டாரு. ஏன்ப்பா இப்படி பயப்படறீங்க?

— யாருக்கு பயம்? அடுத்த வாரம் லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை இருக்கு. இந்த நேரத்துல பக்கத்துல நீ இந்தப் புத்தகத்தோட உக்காந்திருந்தா எவன் என்ன நெனப்பான்?

— ஒரே ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.

— வெளையாடறியா?

— சின்னதுல எனக்கு சிக்னல் சொல்லிக் குடுத்தீங்களே. மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போன்னு. செவப்பு, பச்சைன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.

— கொழந்தைக்குச் சுலபமா இருக்கட்டும்னு சொன்னது.

— உங்க சட்டையெல்லாம் அம்மாதான் எடுக்கறாங்க.

— எந்த வீட்டுல புருஷன் எடுக்கறான்?

— அப்போ படிங்க.

— புடிவாதத்துல அப்படியே உங்கம்மா... மொதல் பக்கத்துலேர்ந்து காட்டு. பதினாறு.

— அடுத்தது.

— அறுபத்தெட்டு. ம், திருப்பு. ஒம்பது. நாப்பத்தி மூணு. இதுல ஒண்ணும் கெடையாது, ஆளை ஏமாத்தறதுக்குன்னு வெச்சிருக்கான். எழுபத்தஞ்சு. மூணு. போதுமா?

— ...பின்னாடி விடை போட்டிருக்கு. சொன்னதெல்லாம் சரி.

— பின்ன? டிரைவர் கண்ணாச்சே! ...ஏன், பாஸானது நான், உனக்கு ஏன் மூஞ்சி செத்துப் போச்சு?

— ஒண்ணுமில்ல. நான் கெளம்பறேன்.

— உக்காருன்னா. ஒரு பிராக்டிகல் போனாப் போகுது. அதுக்காகப் படிப்பையே விடறேன்னு சொல்ல வந்தியா?

— மார்க்குக்காக வரலப்பா. அதை மேடம் பாத்துக்கறேன்னுட்டாங்க. கலர் பேர் அச்சடிச்ச பென்சில் வாங்கிக்கோ, இன்னொரு தடவை வரைன்னு சொல்லிட்டாங்க.

— அப்புறம் என்னதான்?

— இந்தத் தாளைப் பாருங்க. பரம்பரைப் படம். வெள்ளிக்கிழமை குடுக்கணும். ஆம்பளைன்னா கட்டம், பொம்பளைன்னா வட்டம். யாருக்கெல்லாம் இந்தப் பார்வை இருக்கோ அவங்களைக் கருப்பா நிரப்பணும். என் வட்டத்தை நிரப்பிட்டேன்.

— இந்தக் கட்டம் நானா? ஏன் இப்படி அழுக்கா இருக்கு?

— மூணு நாளா பென்சில்ல நிரப்பறதும் அழிக்கறதுமா இருந்தேன். தாளே தேஞ்சு போச்சு.

— அதான் எனக்கு இல்லைன்னு பாத்துட்டியே. காலியாவே குடு.

— குடுக்க முடியாதுப்பா.

— ஏன்?

— ஒரு பொண்ணுக்கு இது வரணும்னா அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வரணும். அம்மாகிட்ட இருந்தாலும் வெளியில தெரியாம இருக்கலாம். அப்பாகிட்ட அப்படி ஒளிஞ்சிருக்காது. பொண்ணுக்கு இருந்தா அப்பாவுக்கு இருந்தே ஆகணும்னு கிளாஸ்ல போர்டுல எழுதிப் போட்டாங்க.

— இல்லேன்னா?

— அதை விடுங்கப்பா.

— இல்லேன்னா என்னம்மா?

— இல்லேன்னா... அப்பா வேற ஆளுன்னு கடைசி பெஞ்சுல ஒருத்தன் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

— உங்க மேடம் என்ன சொன்னாங்க?

— மேடம் அவனை அதட்டினாங்க. ஆனா... தப்புன்னு சொல்லலப்பா.

— அம்மாகிட்ட கேட்டியா?

— எப்படிப்பா கேப்பேன்? வாயைத் தொறந்து இதை எப்படிக் கேப்பேன்?

— அண்ணே! நேரம் தாண்டிருச்சு! ஆளுங்க என்னைப் புடிச்சுத் திட்டறாங்க!

— அப்பா, விசில் அடிக்கறாரு. ஒரு நிமிஷம்கூட லேட்டா எடுத்ததில்லன்னு சொல்லுவீங்களே... நான் எறங்கிக்கறேன்.

— அடிக்கட்டும். அந்தப் புத்தகத்தைக் குடு... இல்ல, நீயே வெச்சுக்கோ. நடுவுல எங்கயாவது தொற. எத்தனாவது பக்கம்னு எனக்குத் தெரியக் கூடாது.

— எதுக்கு?

— தொறன்னா.

— தொறந்துட்டேன். இது என்ன நம்பர்?

— உனக்கு என்ன தெரியுது?

— எனக்கு வெறும் புள்ளிதான்ப்பா.

— எனக்கும் அதேதான்டா. இருவத்திரெண்டு வருஷமா கண் பரிசோதனையில மனப்பாடமா அந்த வரிசையைத்தான் ஒப்பிச்சுட்டு இருக்கேன்... கட்டத்தை நிரப்பு. பேனாவாலயே நிரப்பு.