மேல் தட்டு ட்ரே

செருப்போடவே வாங்க மேடம், பால்கனி ஈரமா இருக்கு. இப்பதான் தண்ணி ஊத்தினேன். ரூம், கட்டில், பாப்பா துணி வைக்கிற அலமாரி, எல்லாத்தையும் எழுதிட்டீங்க. கோர்ட்ல உங்களை அனுப்பினதே இந்தப் பால்கனிக்காகத்தான், அதைப் போயி கடைசியா வச்சுட்டீங்க.

இதுதான் அந்த இலை. ராக்கெட் கீரை. பேரு நான் வைக்கல, விதைப் பாக்கெட்டுலயே அப்படித்தான் போட்டிருக்கு. பச்சையா திங்கிறது. மிளகைக் கடிச்ச மாதிரி நாக்குல சுருக்குன்னு ஒரு காரம், அவ்வளவுதான். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் மேடம். நாள் பூரா இருட்டுக் குழிக்குள்ள கிரீஸோட கிடந்துட்டு வந்தா, எதாவது பச்சையாப் பாக்கணும்னு இருக்கும். அதுக்கு ஆரம்பிச்சது. அப்புறம் பாப்பாவுக்குப் பிடிச்சுப்போச்சு. சனிக்கிழமை வந்தா பையைக்கூட இறக்காம இங்கதான் ஓடுவா. ராக்கெட் விட்டாச்சாப்பான்னு கேப்பா.

அவளுக்குன்னே ரெண்டு வாரத்துக்கு ஒரு ட்ரே வெதைப்பேன். எந்த சனிக்கிழமை வந்தாலும் ஒரு ட்ரேல இளசு இருக்கணும்ல.

ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க. கழுவினதுதான். இந்தாங்க, நானும் திங்கிறேன். ம்? லேசாத்தான் இருக்கு, இல்ல? இதைத் தின்னு புள்ளைக்கு வாய் வெந்துபோச்சுன்னு அவங்கம்மா மனு போட்டிருக்காங்க. நான் போன்ல பேசிட்டு நின்னேனாம், அவ பாட்டுக்குக் கண்டதைக் கிள்ளித் தின்னாளாம். சரி, கவனிக்கலதான். ரெண்டு திட்டு திட்டுங்க, வாங்கிக்கிறேன். அதுக்காக நாலு சனிக்கிழமையா புள்ளையக் கண்ணுல காட்டாம இருந்தா எப்படி? நீங்க ஒரு வரி எழுதினா அடுத்த வாரமே வந்துருவா.

அங்க ஒண்ணும் இல்ல மேடம். மேல் தட்டுல வெறும் பெயிண்ட் டப்பா. பாத்து, விழுந்துடப் போவுது. ஆமா, அதுவும் அதே கீரைதான். பூ விட்டுருச்சு, அதான் தூக்கி ஓரமா வச்சேன். கிள்ளாதீங்க. சொன்னாக் கேளுங்க, வாயில வைக்காதீங்க. பாத்தீங்களா. துப்புங்க, பரவாயில்ல, தொட்டியிலயே துப்புங்க. இந்தாங்க தண்ணி.

பூத்தண்டு கிளம்பிட்டா இலை அப்படித்தான் ஆயிடும். காரமும் கசப்பும் சேந்து ஏறிடும். எனக்குத் தெரியாம என்ன. தெரிஞ்சுதான் அன்னைக்கு அவ வர்றதுக்கு முன்னாடியே மேல வச்சேன்.

அப்புறம் அவ கைக்கு எப்படிப் போச்சுன்னா?

நீங்க உயரம், உங்களுக்கு எட்டுது. அவளுக்கு எட்டாதுதான். ஸ்டூலும் கிடையாது இந்த வீட்டுல.

பிடுங்கிப் போட்டிருக்கலாம் இதை. டப்பாவை வச்சு மறைச்சேனே தவிர, பிடுங்கக் கை வரல.

அன்னைக்கு வந்தவுடனே கேட்டா. அவங்கம்மா வீட்டுல இருக்கிற அங்கிளை அப்பான்னு கூப்பிடட்டுமான்னு. சும்மா, சாதாரணமாத்தான் கேட்டா. மேல கையை விட்டு நாலு இலை கிள்ளி, இது புது ராக்கெட்டுடான்னு நீட்டினேன். போனெல்லாம் எதுவும் வரல மேடம். எதிர்லதான் நின்னுட்டிருந்தேன். கண்ணுல தண்ணி வருது, மூஞ்சி செவந்துபோச்சு, என்னையே பாத்துக்கிட்டு மெல்றா. துப்பவே இல்ல, முழுங்கிட்டா. நான் குடுத்தேன்ல.

உங்க ஃபைல்ல அவ சொன்னது இருக்குமே. தானே கிள்ளினேன், அப்பா போன்ல இருந்தாருன்னு. அது அவளாச் சொன்னது. நான் சொல்லிக் குடுக்கல. ஆறு வயசு மேடம் அவளுக்கு.

அதை அடிச்சுட்டு, அப்பாதான் குடுத்தாருன்னு எழுதிக்கோங்க. தெரிஞ்சேதான்னும் எழுதுங்க. என்ன, பேனா எழுதலையா? இருங்க, உள்ள என் பேனா இருக்கு.