மைத்ரேயியின் கால்கள்

ஓடுவதால் கெட்டுப்போனவர் யாரும் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நீங்கள் தெலுங்கில் எழுதினாலும் சரிதான். நான் தமிழில் யோசிக்கிறவன், தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலையில் இந்த ஸ்டேஷன் வராந்தாவில் ஒருவர், "அந்த வயசுல பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஓட்டம்? அதான் உழுந்துகீறா" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. என் மனைவி மைத்ரேயி கால் தவறி விழுகிறவள் அல்ல. நீங்கள் கேட்டது அவள் விழுந்தபின் படுக்கையில் கிடந்த மாதங்களைப் பற்றி மட்டும். அதற்கு முன்னால் நடந்ததையும் சொன்னால்தான் அவள் ஓட்டத்தின் மேல் விழுந்த பழி நீங்கும்.

என் பெயர் ஹயக்ரீவன். திருப்பதியில் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குச் சமைக்கும் தளிகைக் கைங்கர்யம். எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து தங்கவில்லை. அதோடு மைத்ரேயி படுத்துவிட்டாள். ஜன்னலைத் திறக்கவிட மாட்டாள், குளிக்க மாட்டாள். நான்தான் தலை வாரிப் பின்னிவிடுவேன். தயிர்சாதம் பிசைந்து ஊட்டுவேன். யார் வந்தாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள், என் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்புவாள். பாவம், எவ்வளவு கஷ்டம் என்று தெருவே சொன்னது. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நாம் இல்லாவிட்டால் ஒருத்திக்குப் பொழுது விடியாது என்பது சின்ன விஷயமா? எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம்.

மாத்திரை மட்டும் போதாது, நடக்கவும் வேண்டும் என்றார் டாக்டர். திருமலைப் படிகள் தொடங்கும் அலிபிரிக்கு அவளைக் கைபிடித்து அழைத்துப் போனவன் நான். முதல் நாள் நாலு படி ஏறியதும் உட்கார்ந்து அழுதாள். பிறகு நடந்தாள். நடை மெல்ல ஓட்டமாயிற்று. கபிலதீர்த்தம் சாலையில் விடியற்காலையில் ஓடும் பெண்கள் சிலர் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் அவள் வேறு ஆள். படுத்தால் தூக்கம், உட்கார்ந்தால் பசி. டாக்டரே மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிட்டார். உடற்பயிற்சி மனசுக்கு என்ன செய்யும் என்பதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் மடப்பள்ளியிலிருந்து வந்தபோது அவள் தலையைத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டு வேறு. என் காலடி அவள் காதில் விழவே இல்லை.

அப்புறம்தான் சித்தூர் பேச்சு வந்தது.

"ஏன்னா, சித்தூர்ல ஒரு ஸ்கூல்ல பொண்கொழந்தைகளுக்கு ஓட்டம் சொல்லித்தரக் கூப்பிட்டிருக்கா. அங்கயே ஒரு ரூம் எடுத்துண்டு இருந்து பாக்கறேன்."

"அப்போ நான்?"

"நீங்க பாத்துண்டதை நான் மறக்கலை. ஆனா இந்த ஆத்துல எனக்கு மூச்சு முட்டறதுன்னா."

எனக்கு வந்தது சாதாரணப் பயம் இல்லை, அம்மா. வயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கினாற்போல் இருந்தது. மலைப்பாதையில் சிறுத்தை நடமாட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். சேர்ந்துதானே போகிறோம் என்றாள். பட்டினி கிடந்தேன். ஒரு நாள் அவள் காலிலேயே விழுந்தேன். அவள் விலகி நின்று, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்று புளியோதரைக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். பெருமாள் உப்பில்லாமல் அமுது செய்தார். அந்தப் பாவத்துக்கும் நான்தான் அழுதேன்.

மலையே ஆதிசேஷன் என்பதால் அவள் படியில் ஷூ போட மாட்டாள். அடிவாரத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி, ஓட்டமாக இறங்கி வருவாள். வேண்டுதல்காரர்கள் படிக்குப் படி மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை வேகமாக வந்தாலும் மைத்ரேயி அதன்மேல் கால் வைக்க மாட்டாள். ஓரத்தில் தாவுவாள். இது எனக்குத் தெரியும்.

அவள் சித்தூர் போக இருந்த வாரம், நான் படிபூஜைக்கு உட்கார்ந்தேன். நடுவில் மஞ்சளும் குங்குமமும். ஓரத்தில் நெய். மார்கழிக் குளிரில் அது உறைந்து கல்லோடு கல்லாக இருந்தது. மடப்பள்ளி நெய் இல்லை, வீட்டு நெய். பெருமாள் சொத்தில் கை வைக்கிறவன் இல்லை நான்.

கூட ஓடுகிறவர்களை முந்திக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்திருப்பாள். "போறும்னா, முட்டி வலிக்கப் போறது, எழுந்திருங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓரத்தில் கால் வைத்தாள்.

கணுக்கால் பிசகினால் போதும் என்றுதான் எண்ணினேன். அவள் வெகுதூரம் உருண்டு போனாள். நான் முதலில் அங்கவஸ்திரத்தால் படியைத் துடைத்தேன். பிறகு இறங்கிப் போய் அவளைத் தூக்கினேன். அடிவாரத்திலிருந்து அவள் ஷூவை மறக்காமல் எடுத்து வந்து பரணில் வைத்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததே என்று தெருவில் எல்லோரும் அழுதார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆனால் நரம்பு அறுபடவில்லை, தினம் இரண்டு வேளை பயிற்சி கொடுத்தால் நடப்பாள் என்றார் டாக்டர். பிசியோதெரபி செய்கிற அகிலா வாரம் ஒரு முறை வருவாள். சித்தூர் பக்கம் எல்லைக் கிராமத்துப் பெண். மற்ற நாட்களுக்கு எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

"காலை இப்டி மடக்கி நீட்டிக்கினே இருக்கணும் சார். உட்டுட்டீங்கன்னா இறுகிப்பூடும். அப்பால நம்மால ஒண்ணியும் பண்ண முடியாது."

நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். அவள் எதிரில் அழகாகச் செய்து காட்டுவேன். அவள் போனதும் மைத்ரேயியிடம், "அகிலா இல்லாதப்போ காலை அசைக்கவே கூடாதாம், நரம்பு அறுந்துடுமாம்" என்றேன். அவள் நம்பினாள். மறுபடியும் ஓட வேண்டும் என்ற ஆசையில், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு ஆடாமல் கிடந்தாள். ஒரு நாள் இடது பெருவிரல் தானாக அசைந்தது. பயந்துபோய் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் அந்தப் பாதத்தின் மேல் ஒரு தலையணையை வைத்தேன்.

மறுபடி தயிர்சாதம், மறுபடி பின்னல். என் காலடிக்கு மறுபடி முகம் திரும்பியது.

பிரம்மோற்சவத்தில் ஒரு நாள் மடப்பள்ளியில் நேரமாகிவிட்டது. நான் இல்லாமல் அகிலாவும் மைத்ரேயியும் பேசிக்கொண்டது அன்றுதான். அசைத்தால் நரம்பு அறுந்துவிடுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது அகிலா குச்சியாய்ப் போயிருந்த காலைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயெல்லாம் இன்னா மனுஷன்யா? பொழைக்க வேண்டிய காலைப் படுக்கப்போட்டே சாவடிச்சிக்கினு கீறியே" என்றாள்.

சொல்லட்டும். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவள்தானே. சின்னப் பெண். பயிற்சி கொடுத்திருந்தால் மைத்ரேயி நடந்திருப்பாள், ஓடியும் இருப்பாள். என்னைவிட அது யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் கொடுக்கவில்லை. படியில் நெய் பூசியதும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மைத்ரேயியைச் சித்தூரில் அவள் அக்கா அலர்மேல் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "அகிலா, பரண்ல என் ஷூ இருக்கும், எடுத்துண்டு வா" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதற்றத்தில் மறந்திருப்பாள், பாவம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், அம்மா? கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் விளக்கு வைப்பதற்குள் சித்தூர் போய்ச் சேர்ந்துவிடுவேன். அவளுக்குத் தலை பின்னிவிட என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்.