தையல் இல்லாத புல்தரை

ஆம்பூரிலிருந்து காட்பாடி வரைக்கும், எழுந்து நிற்கும் எந்த மனிதரையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன். கல்லூரியில் மூன்று வருடம் இதற்குப் பயிற்சி எடுத்தேன். துறைத்தலைவர், பேரவைச் செயலாளர், ரத்த தான முகாமுக்கு வந்த சிறப்பு விருந்தினர் என்று உட்கார்ந்தவர்களின் பட்டியல் நீளமானது. என் முகம் அசையாது, குரல் உயராது. ஒரு வாக்கியம் சொல்வேன். அரங்கம் சிரிக்கும். நின்றவர் தானும் சிரித்துவிட்டு உட்காருவார். அப்படி உட்காருகிறவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரே அபிப்பிராயம்தான்: நாலு பேர் சிரித்ததற்கு உட்காருகிறவரிடம் சொல்லும்படியாக எதுவும் இருந்திருக்காது. இதை நான் நடத்திய பேட்டைச் சுவரிதழில் தலையங்கமாகவே எழுதியிருக்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்ததும் அந்தச் சுவரிதழால்தான். எங்கள் பேட்டையில் இருபது வருடமாக மூடிக்கிடந்த, தோல் பதனிடும் ஷாப் மனையில், ஓர் அறக்கட்டளை சமுதாயக் கூடமும் நூலகமும் பூங்காவும் கட்ட வந்தது. குடியிருப்போரின் பங்கேற்போடு திட்டமிடுவார்களாம். அதாவது கழிவறை எங்கே வேண்டும் என்று மக்களைக் கேட்பார்கள், மக்கள் ஓர் இடம் சொல்வார்கள், அறக்கட்டளையோ தான் முதலில் நினைத்த இடத்திலேயே கட்டும். இப்படி நான் எழுதியதைப் படித்த அறக்கட்டளை அதிகாரி, கோபித்துக்கொள்ளாமல், என்னையே ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார். கேலி பேசுகிறவனுக்கு வேலை கொடுத்தால் வாய் மூடும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது புரிந்தது. படித்து முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்தவனுக்கு எல்லாமே நன்றாகப் புரியும். நூலகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்வதும் நான்தான் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

வேலையை நன்றாகவே செய்தேன். பின்னால் நடந்த விசாரணையில்கூட இதை யாரும் மறுக்கவில்லை. முதலில் கூட்டங்களை வேலைநாளில் காலை பதினோரு மணிக்கு வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் பேட்டையில் வீட்டில் இருப்பது ஓய்வு பெற்றவர்களும் கோழிகளும்தான். பெண்கள் ஏழரைக்கே ஷூ கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட பிறகு, கறி வேகிற நேரம் என்று மாற்றியது நான். நாற்பது பேர் வந்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு எல்லாரும் கையில் சுண்ணாம்புத் தூளோடு மனையில் இறங்கி, எது எங்கே வேண்டும் என்று கோடு போட்டோம். அன்று பச்சையப்பன் என்னைத் தனியாக வடகிழக்கு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தோல் ஷாப்பில் முப்பது வருடம் உழைத்தவர்.

"தம்பி, இப்பிடி வந்து நில்லு."

குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். காலி டிரம்மின் மூடியை மிதித்ததுபோல் சத்தம் வந்தது.

"இன்னா பெரிப்பா இது?"

"ஷாப் கெணறு. அறுவது அடி. ஷாப்ப மூடறப்ப மேல நாலு கல் பலகையப் போட்டு மண்ணத் தள்ளிட்டாங்க. உள்ள ரொப்பல. ரொப்பாம இங்க எதையும் வெச்சிடாதீங்க. நோட்டுல ஏத்திக்க."

ஏற்றிக்கொண்டேன். 'வடகிழக்கு மூலை. கிணறு, 60 அடி. கல் பலகை 4. நிரப்பவில்லை. தகவல்: பச்சையப்பன்.' தேதியும் போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேனா ஓடுவதைப் பார்ப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"ஏத்திட்ட இல்ல? அப்ப சரி."

அதன் பிறகு பதினொரு நாள் உட்கார்ந்து மாடல் செய்தேன். கட்டிடங்களுக்குத் தெர்மகோல். மரங்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் நார், பச்சை மையில் முக்கியது. புல்தரைக்குத்தான் ஒரு கம்பெனிக் கழிவுக் குவியலில் வெல்வெட் போல மெத்தென்ற பச்சை சூயிட் தோல் ஒன்று கிடைத்தது. முழுப் புல்தரைக்கும் ஒரே துண்டு. தழும்பு இல்லை, உண்ணி கடித்த குழி இல்லை, சாயத் திட்டு இல்லை. அப்படி ஒரு தோல் ஏன் கழிவுக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை ஒட்டி முடித்த பிறகு நோட்டைப் புரட்டினேன். கிணறு இருந்தது. அந்த மூலையில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம் வெட்ட வேண்டும். கத்தியை எடுத்து வைத்துப் பார்த்தேன். வெட்டவில்லை.

இவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் அரசியல் தலையீடு, காண்ட்ராக்டரின் பேராசை என்று எதை எதையோ தேடினார்கள். பச்சைத் தோலை ஒருவரும் தேடவில்லை. கிணற்றை வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மாடலைக் காட்டினோம். பச்சையப்பன் அன்று வரவில்லை. கட்டிடத்தை யாரும் பார்க்கவில்லை. தோல் ஊர்க்காரர்கள் தோலைத்தான் பார்த்தார்கள். ஷூ கம்பெனியில் ஓய்வு பெற்ற சூப்பர்வைசர் சுப்பராயன் புல்தரையைத் தடவினார்.

"ஒரு கீறல் இல்ல பாரு. எக்ஸ்போர்ட் குவாலிட்டி புல்லுப்பா."

அப்போதுதான் சோபனா அக்கா எழுந்து வந்தார். ஷூ கம்பெனியில் செக்கர். நாள் முழுக்க அவர் விரலுக்கடியில் ஜோடி ஜோடியாகப் போய்க்கொண்டே இருக்கும். குறையை விரல்தான் முதலில் பார்க்கும், கண் அப்புறம் என்பார்கள். விரல் புல்தரையில் ஓடி, அந்த மூலையில் நின்றது.

"தம்பி, இங்க ஒரு கெணறு இருந்துச்சே. எங்கம்மா ஷாப்புல வேல செய்யறப்ப நான் தண்ணி சேந்தியிருக்கேன். அது இன்னா ஆச்சு?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கிறது அக்கா, என்று சொல்ல இரண்டு நொடி போதும். மாடலில் குறை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவும் அதே இரண்டு நொடிதான்.

"அக்கா, வாரம் பூரா ஷூவுல டிஃபெக்ட் தேடுறீங்க. ஞாயித்துக்கிழமையாச்சும் அந்த வெரலுக்கு லீவு குடுங்க. வீட்ல தோசைக்குக்கூட ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டறீங்களாமே?"

கூட்டம் சிரித்தது. அவர் கணவர் நவநீதன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"தோசய உடு தம்பி. என்னையே ரெண்டு வாட்டி ரிஜெக்ட் பண்ணிட்டா."

சோபனா அக்காவும் சிரித்தார். பிறகு போய் உட்கார்ந்தார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே அவரை 'ரிஜெக்ட் அக்கா' என்று கூப்பிட்டார்களாம். ஒரு வாக்கியம் ஊரில் தானாக நடமாட ஆரம்பித்தால் எழுதியவனுக்கு வருகிற சந்தோஷம் எனக்கும் வந்தது.

அடுத்த யோசனை சுப்பராயனுடையது. ஷூ கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டு வியாபாரி ஒரே ஒரு ஷூவைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்துவிட்டால், பிறகு செய்கிற ஐம்பதாயிரம் ஜோடியும் அதைப்போலவே இருக்க வேண்டும். அதில் ஒரு தையல் கோணலாக இருந்தால் ஐம்பதாயிரத்திலும் கோணல் இருக்க வேண்டும். சீல் வைத்த சாம்பிளை யாரும் கேள்வி கேட்பதில்லை.

"மாடலுக்குச் சீல் வெச்சிடலாம்பா. அப்புறம் காண்ட்ராக்டர் எவனும் ஒரு இன்ச் மாத்த முடியாது."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. மாடலைத் தூக்கிப் பிடித்து அடிப்பலகையில் கையெழுத்து வாங்கினோம். முதல் வரியில் 'சரிபார்த்தவர்' என்று எழுதியது நான். பேனாவை சோபனா அக்காவிடம் நீட்டினேன்.

"செக்கர் இருக்கும்போது வேற யாரு போடறது?"

மறுபடி சிரிப்பு. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கிணற்றை இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போட்டார்.

காண்ட்ராக்டர் ஓர் அங்குலம்கூட மாற்றவில்லை. மனை தாழ்வாக இருந்ததால் தோண்டாமல் செம்மண் கொட்டி நிரவினார்கள். அதன் மேல் புல் பதித்தார்கள். சென்னையிலிருந்து வந்த வரைபடத்தின் ஓரத்தில், 'தரை விவரங்கள் குடியிருப்போர் சரிபார்த்தபடி' என்று ஒரு வரி இருந்தது. வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் நினைத்தது வாரா வாரம் தள்ளிப்போனது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் மறதி. நாலாவது மாதத்தில் சொன்னால் அலட்சியம். திறப்பு விழா முடிந்த பிறகு சொன்னால் அதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. எந்தக் கதவும் என் முகத்தில் அறைந்து மூடவில்லை. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கதவு குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

நூலகம் எனக்கு வந்தது. என் மேசைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே புல்தரை. பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். வாசகர்களுக்கு முதுகு காட்டுகிறேன் என்று புகார் வந்ததால் மறுபடி திருப்பினேன். சும்மாவும் இருக்கவில்லை. அந்த மூலையில் 'புல்லின் மேல் நடக்கக் கூடாது' என்று பலகை வைத்தேன். பிள்ளைகள்கூடக் கேட்டு நடந்தார்கள். ஆனால் அந்தப் பலகை தோட்டக்காரருக்கு இல்லையே. தோட்டக்காரராக அறக்கட்டளை நியமித்தது பச்சையப்பனை.

போன நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாவது நாள் காலை, ஊறிப்போன தரையைச் சமமாக்க அவர் கல் உருளையை இழுத்தார். வயதானவர், கை வலிக்கும் என்று உருளையின் பிடியை இடுப்போடு கயிற்றால் கட்டியிருந்தார். பத்து நாற்பதுக்குப் பலகைகள் உடைந்தன. உருளை முதலில் போனது.

தீயணைப்பு வண்டி வரும்வரை விளிம்பில் வேறொரு கயிற்றை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். செய்தித்தாளில் படம் வந்திருக்கிறது.

விசாரணை வந்தது. அறக்கட்டளை வரைபடத்தைக் காட்டியது, வரைபடம் மாடலைக் காட்டியது. மாடலைத் திருப்பினார்கள். 'சரிபார்த்தவர்: சோபனா.' கையெழுத்துக்கு மதிப்பில்லாத செக்கர் எதற்கு என்று, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றது கம்பெனி. அறிக்கையில் பெயர் ஏறினால் வேலை போகும், வழக்கும் வரும். குழாயடியில் பச்சையப்பன் மனைவி வள்ளியம்மாள், சோபனா அக்கா வைத்த குடத்தைத் தள்ளி வைத்தார்.

ஒரு மாலை சோபனா அக்கா நூலகத்துக்கு வந்தார்.

"தம்பி, வெளக்கம் கேட்டு லெட்டர் வந்திருக்குது. நீதான் நல்லா எழுதுவ. அன்னிக்கு நான் கெணறுன்னு கேட்டேனே, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"கூட்டம் ஜாஸ்திக்கா அன்னிக்கு. சரியா ஞாபகம் இல்ல."

"வீட்டுக்காரரும் அதான் சொல்றாரு. தோச கத மட்டும் ஞாபகம் இருக்காம். நெஜமா கேட்டனா, கேட்ட மாதிரி நெனச்சிக்கினு இருக்கனான்னு எனக்கே பேஜாரா இருக்குது தம்பி."

எழுதிக் கொடுத்தேன். 'சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றுக் கையெழுத்திட்ட நான், எனது கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு மனமார வருந்துகிறேன்.' வாசித்துக் காட்டியபோது அழுதுவிட்டார். நல்லா இருக்குது தம்பி என்றார். நான் எழுதிய முதல் ஒப்புதல் வாக்குமூலம் அதுதான். இப்போது எழுதும் இதைவிட அது நன்றாக வந்திருந்தது.

கடைசி நாள் விசாரணை எங்கள் சமுதாயக் கூடத்திலேயே நடந்தது. நான் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கத்தைக் காட்டினால் சோபனா அக்கா அன்றே பழியிலிருந்து வெளியே வந்துவிடுவார். மூன்று மணி நேரம் எல்லாரும் எல்லாம் பேசினார்கள். முடிக்கிற நேரத்தில் விசாரணை அதிகாரி ஒன்று கேட்டார்.

"செத்துப்போனவரு அந்த ஷாப்புல முப்பது வருஷம் இருந்திருக்காரு. அங்க கெணறு இருக்கறது அவருக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சும் ஏன் உருளைய இழுத்துக்கினு போனாரு? அன்னிக்குக் காலையில அவருகூட யாராவது பேசினீங்களா?"

நல்ல கேள்வி. நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பேசியது நான். அன்று பத்து இருபதுக்குப் பச்சையப்பன் ஜன்னல் பக்கம் வந்தார். புது வரவுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

"தம்பி, மூலையில உருள உடணும். கெணத்த ரொப்பிட்டாங்க இல்ல?"

இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்பார். அவர் குரல் பெரிய குரல். உள்ளே நாலு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொப்பிட்டாங்க பெரிப்பா. அன்னிக்கே நோட்டுல ஏத்துனேனே."

"அப்ப சரி" என்று போனார். அடுத்த புத்தகத்துக்கு முத்திரை குத்தினேன்.

இதைச் சொல்லத்தான் எழுந்தேன். வாயும் திறந்தேன். பின்வரிசையில் ஆல்வின் இருந்தான். எனக்குப் பிறகு சுவரிதழை நடத்துகிறவன். எல்லாம் நான் பழக்கியதுதான். முகம் அசையாமல், குரல் உயராமல் சொன்னான்.

"சார், அண்ணன் எழுந்துட்டாரு. எல்லாருக்கும் ராத்திரி சாப்பாடு சொல்லிடுங்க."

மூன்று மணி நேரம் இறுகிப்போய் இருந்த கூடம் சிரித்தது. அதிகாரியும் வாயை மறைத்துக்கொண்டார். வள்ளியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சோபனா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் லேசாகச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு நோட்டின் மேலேயே உட்கார்ந்தேன்.

"வேற யாரும் இல்லயா?" என்று அதிகாரி கேட்டார். பிறகு சோபனா அக்காவின் கடிதத்தை அறிக்கையின் மேலே வைத்து நாடாவால் கட்டினார்.

நான் நின்றது பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது. அதனால்தான் உட்கார்ந்தேன்.